வாய்ப்பூட்டு

ஊரில் எங்கள் கம்பெனியைப் பயராபீஸ் என்பார்கள். சிவகாசியிலிருந்து சாத்தூர் போகும் ரோட்டில், வெளிச்சுவரில் தீப்பெட்டிக் கம்பெனி என்று ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டிருக்கும். ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் தீ என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக்கூடாது. தீப்பெட்டி வெறும் பெட்டி, தீக்குச்சி வெறும் குச்சி. இங்கிலீஷில் பயர் என்று ஆயிரம் தடவை சொல்லலாம், ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தமிழில் அந்த ஒற்றை எழுத்தைச் சொல்லிவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது, வீட்டைப் பார்த்து நடக்க வேண்டியதுதான். வந்து சேரும் கெடுதிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்தார்களோ என்னவோ.

இதைக் கிறுக்குத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்னால், பழைய கொட்டகையில் ஒரே ஒரு வாசல் இருந்த காலத்தில், குச்சிக் குவியலில் சின்னதாகப் பொறி விழுந்திருக்கிறது. ஒரு செம்புத் தண்ணீரில் அடங்கிப்போகிற பொறி, அடங்கியும் போயிற்று. அதற்குள் ஒருத்தி தீ என்று கத்திவிட்டாள். இருந்த அத்தனை பேரும் அந்த ஒடுக்கமான வாசலுக்கு ஓட, இரண்டு பெண்கள் மிதிபட்டே செத்தார்கள். நெருப்பு யாரையும் தொடவில்லை, சொல்தான் கொன்றது. அன்றிலிருந்து முதலாளி லட்சுமிகாந்தம் அந்தச் சொல்லுக்குத் தடை போட்டுவிட்டார்.

அதற்குப் பதில் சொல்லைக் கொண்டுவந்தவர் மேஸ்திரி சங்கிலிமுத்து. எங்காவது பற்றிக்கொண்டால் ‘செவலை அவுந்துருச்சு’ என்று கத்த வேண்டும். வேலை செய்கிறவர்கள் எல்லோரும் மாடு கட்டி உழுத சம்சாரி வீட்டு ஆட்கள். தீ என்றால் வாசலைப் பார்த்து ஓடுவார்கள்; செவலை மாடு அவிழ்ந்துவிட்டது என்றால் மாட்டைப் பார்த்து ஓடுவார்கள். மேஸ்திரி படிக்காத மனிதர், ஆனால் மூளைக்காரர். கத்தல் கேட்டதும் அவர் ‘தண்ணி காட்டு, தண்ணி காட்டு’ என்று பதில் குரல் கொடுப்பார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வேலை. ஆளுக்கொரு வாளியை எடுத்து ஊற்றிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்து வேலையைத் தொடர்வோம். பல வருடம் இது ஒழுங்காகத்தான் நடந்தது.

எனக்கு வேலை மெழுகு அறையில். குச்சிக்கு மருந்தை மட்டும் வைத்தால், உரசியதும் சீறிவிட்டு அவிந்துபோகும், மரத்தில் பற்றாது. அதனால் மருந்து வைப்பதற்கு முன்னால் குச்சி நுனியை உருகிய மெழுகில் முக்கி எடுப்போம். குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகி இறுக்கிய மரச்சட்டத்துக்குக் கட்டை என்று பெயர். மற்ற பெண்கள் கட்டை அடுக்கிக் கொடுப்பார்கள்; நானும் செல்லத்தாயும் அதை வாங்கி, விறகடுப்பின் மேல் இருக்கும் அகலத் தட்டில் ஒரு முக்கு முக்கி மருந்து அறைக்கு அனுப்புவோம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தலைமுடி, சேலை, நகக்கண் எல்லாம் மெழுகு. சோற்றைப் பிசைந்தால் சோறும் மெழுகாக மணக்கும்.

அந்த அறைக்கு ஒரு நாள் காளிராஜ் வந்து சேர்ந்தார். முதலாளியின் அக்காள் மகன். அவர் அப்பாவுக்கு விருதுநகரில் வத்தல் மண்டி. மண்டியில் உட்காரப் பிடிக்காமல் காலேஜில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, மாமாவின் கம்பெனியைச் சீர்திருத்தப் போகிறேன் என்று வந்தவர். வாய் ஓயாது. முதலாளி வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அதனால் நாங்களும் அவர் பேச்சைச் சகித்துக்கொண்டோம்.

சுவரில் கரித்துண்டால் படம் போட்டு, மெழுகின் வம்சத்தையே எங்களுக்குச் சொன்னார். ஒரு கரி அணு, அதைச் சுற்றி நாலு ஹைட்ரஜன். அதுதான் சகதியில் குமிழி விடுகிற வாயு. கரி அணுக்கள் ஏழெட்டு வரிசையாகக் கைகோத்து நின்றால் பெட்ரோல், கார் ஓடும். பன்னிரண்டு, பதின்மூன்று நின்றால் சீமெண்ணெய், எங்கள் வீட்டு விளக்கு எரியும். இருபத்தைந்து, முப்பது என்று நீளமாக நின்றால் நாங்கள் முக்குகிற இந்த மெழுகு. எல்லாம் ஒரே குடும்பம், பெயர் ஆல்கேன். குட்டையானவற்றுக்கு மூக்குக்கு மேல் கோபம், நீளமானவை நிதானம். மெழுகுக்குப் பாரஃபின் என்று இன்னொரு பெயர் உண்டாம். லத்தீன் பாஷையில் அதற்கு ஒட்டுறவு இல்லாதது என்று அர்த்தமாம். அமிலம், காரம், தண்ணீர் என்று எதோடும் சேராதாம். எங்கள் சின்ன நாத்தனாருக்கும் அந்தப் பெயரையே வைத்திருக்கலாம் என்று நான் சொல்ல, செல்லத்தாய் கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். நல்ல பிள்ளை.

ஒரு நாள் தட்டில் சூடு ஏறி மெழுகு வெள்ளையாகப் புகைந்தது. திடுதிப்பென்று மேலே நெருப்பு ஓடியது. செல்லத்தாய் செவலை அவிழ்ந்துவிட்டது என்று கத்தினாள், மேஸ்திரி வெளியிலிருந்து தண்ணி காட்டு என்று பதில் கத்தினார். நான் தகரமூடியை எடுத்துத் தட்டின் மேல் கவிழ்த்தேன். அடங்கிவிட்டது. எங்களுக்கு இது புதிதில்லை. காளிராஜ் மட்டும் முகம் வெளுத்துப்போய் நின்றார்.

“அவரு தண்ணின்னுல்ல சொன்னாரு. நீங்க மூடியப் போட்டீக?”

“இந்த ரூம்புல அப்படித்தான். மெழுகுல தண்ணிய ஊத்தக்கூடாதுன்னு முந்தி இருந்தவக சொல்லிக் குடுத்தாக. தண்ணி காட்டுன்னா இங்கன மூடின்னு அர்த்தம்.”

“தெரியாத ஆளு ஒருத்தர் இங்கன நின்னா?”

அன்று ராத்திரி அந்தப் பிள்ளை தூங்கியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

மறுநாள் முதலாளி, மேஸ்திரி, நாங்கள் எல்லோரும் பார்க்க, முற்றத்தில் ஒரு வித்தை காட்டினார். இரும்புக் கரண்டியில் மெழுகை எரியவிட்டு, நீளக் கம்பின் நுனியில் கட்டிய சிரட்டையால் கொஞ்சம் தண்ணீரை அதில் கவிழ்த்தார். கரண்டியளவு நெருப்பு பனைமர உயரத்துக்கு எழும்பியது. நாங்கள் எல்லோரும் பின்னால் நகர்ந்தோம். தண்ணீர் மெழுகைவிடக் கனம், அதனால் அடியில் போய்விடும். அடியில் இருக்கிற சூட்டில் ஒரே நொடியில் ஆவியாகி, மேலே இருக்கிற மெழுகைத் துளித்துளியாக விசிறியடிக்கும். ஒவ்வொரு துளியும் தனியாக எரியும் என்று விளக்கினார். எரிவது மெழுகு இல்லை, மெழுகின் ஆவி. மூடிவிட்டால் காற்றில்லாமல் செத்துப்போகும், அவ்வளவுதான் என்றார்.

மேஸ்திரி சங்கிலிமுத்து ஒத்துக்கொண்டார், ஆனால் மனதோடு இல்லை. ஒரே கம்பெனியில் ஒரே காரியத்துக்கு இரண்டு சொல் இருந்தால் எதை என்று கத்துவது என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெழுகு அறைக்கு மட்டும் வேறு சொல் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சுவரில் எழுதக்கூடாது, எழுதினால் கெடுதி அங்கேயே தங்கிவிடும் என்று சொல்லிவிட்டார். அறை வாசலில் தொங்கும் தண்ணீர் வாளியை எடுத்துவிடலாம் என்று காளிராஜ் கேட்டதற்கு, இன்ஸ்பெக்டர் வந்தால் வாளி எங்கே என்று கேட்பார் என்றார்.

சொல் வேண்டும் என்று காளிராஜ் என்னிடம்தான் வந்தார். அவராக யோசித்து வைத்திருந்த சொல் ஒன்றும் வாயில் நுழையவில்லை. செவலைக்கு மூடி போடு என்றால் சிரிப்பார்கள். மாட்டுக்கு மேல் எதைப் போடுவோம் என்று நான் நினைத்துப் பார்த்தேன். களத்தில் மாட்டை மிதிக்கவிட்டுச் சூடு அடிக்கும்போது கதிரைத் தின்னாமலிருக்க மாட்டின் வாயில் கயிற்றுக்கூடு மாட்டுவோமே, வாய்ப்பூட்டு, அதைச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். ‘வாய்ப்பூட்டு போடு’ என்று தனக்குத்தானே நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். காலையில் வேலை தொடங்கும்போது எங்களை நிற்க வைத்து ஒத்திகை பார்ப்பார். மேஸ்திரியும் அறை வாசலில் நின்று, மருந்து குடிக்கிற முகத்தோடு, வாய்ப்பூட்டு போடு என்று கத்திவிட்டுப் போவார்.

அந்த வருடம் மழை பொய்த்தது அடுத்தடுத்து எத்தனையாவது வருடம் என்று எங்கள் வீட்டில் பேசுவதை விட்டுவிட்டோம். கிணற்றில் தவளைக்குக்கூடத் தண்ணீர் இல்லை. மாடுகளைச் சந்தையில் விற்றுவிட்டு என் வீட்டுக்காரரும் என் பின்னால் கம்பெனிக்கு வந்தார். மாட்டைத் தவிர வேறு எதையும் கையாளத் தெரியாத மனிதர். முற்றத்தில் விறகு பிளக்க, குச்சிமூட்டை சுமக்க என்று மேஸ்திரி வைத்துக்கொண்டார். உள்ளே பேசக்கூடாத சொல்லையும் அதற்குப் பதில் சொல்லையும் நான் சொல்லிக்கொடுத்தபோது, “நம்ம செவலைய வித்துட்டு இங்கன வந்தா, இங்கனயும் ஒண்ணு நிக்குதாக்கும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

அவர் முற்றத்தில் இருக்கும்வரை எனக்குப் பயமில்லை. மழை இல்லாத ஊரில் வடக்கேயிருந்து ஒரு புயல் வந்து, ஐப்பசியில் விடாமல் தூறல் போட்டது. விதைப்புக்கு உதவாத மழை. குச்சி காயவில்லை, கட்டை ஈரமாகவே வந்தது. பம்பாய் ஆர்டர் ஒன்று லோடு ஏற்றக் காத்திருந்தது. ஈரக் குச்சியில் மெழுகு இறங்க வேண்டுமென்றால் தட்டு நன்றாகச் சுட வேண்டும், அடுப்பு வீறாக எரிய வேண்டும். அடுப்புக்கு எப்போதும் விறகு தள்ளுகிற பலவேசத்துக்குக் காய்ச்சல். மேஸ்திரி முற்றத்துக்குப் போய் என் வீட்டுக்காரரைக் கூட்டிவந்து மெழுகு அடுப்பின் முன்னால் உட்கார வைத்தார்.

என் வீட்டுக்காரர் மந்தமான ஆள் இல்லை, கை வேகமான ஆள். அந்த வேகம்தான் எனக்குப் பயம். மேஸ்திரியிடம் போய், அவரை முற்றத்துக்கே அனுப்பிவிடுங்கள், நான் வேண்டுமானால் அடுப்பையும் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். இந்த லோடு போகட்டும் என்றார். காளிராஜிடம் போனேன். அவர் மாமாவிடம் போனார். மாமாவும் இந்த லோடு போகட்டும் என்றார். எல்லோரும் நல்லவிதமாகத்தான் சொன்னார்கள்.

வேறு வழி இல்லாமல் வீட்டில் நானே அவரைப் பழக்கினேன். சோற்றுப்பானை பொங்கும்போது திடீரென்று செவலை அவிழ்ந்துவிட்டது என்பேன், அவர் தட்டை எடுத்து மூடி வாய்ப்பூட்டு என்பார். குளிக்கும்போது கத்துவேன், சாப்பிடும்போது கத்துவேன். கையில் கிடைத்ததை எடுத்து எதையாவது மூடிக் காட்டுவார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. “ஏ புள்ள, என்னய மாடா நினைச்சியா, பளக்கிக்கிட்டே இருக்க” என்று அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டாலும் மூடாமல் இருக்கமாட்டார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

லோடு ஏற்றுகிற நாள் காலையிலிருந்து லாரி வாசலில் நின்றது. ஈரத்தில் வழுக்காமலிருக்க நெருப்பில் போட வைத்திருந்த மணல் வாளியைக் கொட்டித் தரையில் பரப்பியிருந்தார்கள். மேஸ்திரி அரைமணிக்கொரு தரம் வந்து இன்னும் எம்புட்டு, இன்னும் எம்புட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் செல்லத்தாயும் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல் முக்கிக்கொண்டிருந்தோம். மதியத்துக்கு மேல் மருந்து அறையிலிருந்து திரும்பி வந்த காலிக் கட்டைகளை அடுக்கி வைக்க நான் அறையின் மறுகோடிக்குப் போனேன். திரும்பும்போது தட்டிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியிருந்தது. புகையின் மேலே நீலமாக ஒன்று ஓடி, மஞ்சளாக நிமிர்ந்தது.

“செவலை அவுந்துருச்சு” என்றாள் செல்லத்தாய்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். சரியாகக் கையை நீட்டி மூடியை எடுத்தார். நான் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்குச் சாட்சி வேண்டாம், என் கண்ணே போதும். மூடி அவர் கையில் இருந்தது, தட்டுக்கும் அவருக்கும் ஒரு முழம்.

மேஸ்திரி லாரியிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்றார். அவர் வாயில் அத்தனை வருடப் பழக்கம்தான் வந்தது.

“தண்ணி காட்டு, பெத்தணா. தண்ணி காட்டு.”

என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார். நான் வாய்ப்பூட்டு, வாய்ப்பூட்டு என்று அலறினேன். இரண்டு சொல்லும் அவர் காதில் விழுந்திருக்கும். ஒன்று நான் சில நாள் சொல்லிக்கொடுத்தது. இன்னொன்று, நடக்கத் தெரிந்த வயதிலிருந்து காலையும் சாயங்காலமும் அவர் அப்பா சொல்ல, அவர் கை செய்தது. மூடியைப் பதறாமல் கீழே வைத்தார். வாசலுக்கு இரண்டே எட்டில் போய் வாளியை எடுத்துவந்து ஊற்றினார்.

காளிராஜ் கரண்டியில் காட்டியது தட்டளவுக்கு நடந்தது. ஓட்டுக்கூரை வரைக்கும் ஒரே வெளிச்சம், பிறகு மழைபோல மெழுகு. செல்லத்தாய்க்கு ஒரு கை முழுவதும் வெந்தது. மேஸ்திரிக்கு முகத்தில் ஒரு பக்கம். என் மேல் நாலைந்து துளி. என் வீட்டுக்காரர் தட்டின் முன்னால் நின்றிருந்தார்.

லோடு ஏற்ற வந்த லாரியிலேயே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மெழுகு ஆறியதும் தோலோடு தோலாக இறுகிவிட்டது. எதோடும் ஒட்டாது என்று சொன்ன மெழுகு. எடுத்தால் தோலும் வருகிறது என்று விட்டுவிட்டார்கள். டாக்டரும் நர்சும் பாவம், முடிந்ததைச் செய்தார்கள். முடிந்தது எதுவும் இல்லை என்பது அவர்கள் என்னைப் பார்க்காமல் பேசியதிலேயே தெரிந்தது.

அவருக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஒருதரம் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“தண்ணி காட்டுனேனே புள்ள. அது ஏன் என் மேல பாஞ்சுச்சு?”

நான் என்ன சொல்ல? ஆவி, துளி, கனம், காற்று என்று எனக்கு எல்லாம் தெரியும். காளிராஜ் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. அது அம்புட்டும் உண்மை. அந்த உண்மையில் அந்த நேரம் அவருக்குச் சொல்ல ஒன்றுகூட இல்லை. நம்ம மாடு இல்லைல்ல, அதான் என்றேன். ஆமா என்றார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. விடிந்ததும் போய்விட்டார்.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். புருஷன் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்கள் பக்கம் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டோம். தாலி கட்டிய நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த செல்லத்தாயைப் பார்த்தேன், அவள் சொன்னாள், எழுதிக்கொண்டார்கள். மேஸ்திரி பொய் சொல்லவில்லை. எந்தச் சொல்லைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை ஐயா, வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று அழுதார். தண்ணீர் ஊற்றக்கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தும் ஊற்றியது தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

முதலாளி வேறு விதமாக முடிவுக்கு வந்தார். பழைய சொல் ஒன்று மட்டும் இருந்தவரை ஒன்றும் நடக்கவில்லை, மருமகன் இரண்டாவது சொல்லைக் கொண்டுவந்தபிறகுதான் இது நடந்தது என்றார். கேட்கிறவர்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. காளிராஜை விருதுநகர் மண்டிக்கே திருப்பி அனுப்பிவிட்டார். போவதற்கு முன்னால் அந்தப் பிள்ளை என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“நீங்க சொன்னது அம்புட்டும் நெசம் தம்பி” என்றேன். “அதுனால என்ன ஆச்சு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். இப்போது வத்தல் நிறுக்கிறார் என்று கேள்வி. சொன்னது கடுமைதான். ஆனால் அதைவிட மெதுவாகச் சொல்ல அன்றைக்கு என்னால் ஆகவில்லை.

நான் மறுபடி அதே அறைக்குத்தான் வேலைக்குப் போனேன். வயிறு இருக்கிறது, நிலம் காய்ந்து கிடக்கிறது, வேறு எங்கே போக? அதே அடுப்பு, புதுத் தட்டு. செவலையும் வாய்ப்பூட்டும் ராசியில்லாத சொற்கள் என்று முதலாளி இரண்டையும் தடுத்துவிட்டார். கொஞ்ச நாள் எந்தச் சொல்லும் இல்லாமலே ஓடியது. பற்றிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவள் தோளைத் தட்டிக் கையைக் காட்டுவாள்.

பிறகு ஒரு சொல் வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வேலைக்கு வரும் புதுப் பெண்களிடம், பெத்தணனை நினைத்துக்கொண்டு வேலையைப் பார் என்று சொல்லத் தொடங்கினார்கள். தட்டு புகைந்தால், பெத்தணன் வரப்போறான் என்றார்கள். அப்புறம் பற்றிக்கொண்டாலே ‘பெத்தணன் வந்துட்டான்’ என்று கத்தினார்கள். முதலில் நான் இருந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். செல்லத்தாய்தான் ஒரு நாள் தயங்கித் தயங்கி எனக்குச் சொன்னாள். நாள் போகப்போக என் முன்னாலேயே கத்தினார்கள். மேஸ்திரியும் வெந்த முகத்தோடு அதையே கத்தினார். முதலாளி அதைத் தடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அறை மூலையில் சூடம் ஏற்றச் சொன்னார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் நன்றாக வேலை செய்தது. அதைக் கேட்டதும் யாரும் வாளிப் பக்கம் போகவில்லை. கை தானாக மூடிக்குப் போயிற்று. காளிராஜ் படித்த படிப்பாலும், நான் வீட்டில் போட்ட கூச்சலாலும் ஆகாத காரியம், அவர் செத்ததும் ஆகிவிட்டது. அவரை மூடுவதற்கு அத்தனை பேர் ஓடுவதை நான் பார்த்துக்கொண்டே கட்டை முக்கினேன். நெருப்பை முதலில் நான் பார்த்தாலும் கத்தமாட்டேன். செல்லத்தாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்காக அவளே கத்திவிடுவாள்.

சித்திரையில் செல்லத்தாய் மகளுக்குச் சடங்கு என்று லீவு போட்டாள். என்னோடு அறையில் இரண்டு புதுப் பெண்கள், கருப்பம்மாள், முருகம்மாள் என்று. கீழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், கம்பெனியின் பழைய கதை ஒன்றும் தெரியாது, சொல்லை மட்டும் மனப்பாடம் செய்திருந்தார்கள். நல்ல வெயில். தட்டு புகைவதை நான் பார்த்தபோதே மஞ்சள் நிமிர்ந்துவிட்டது. மூடி அந்தப் பெண்கள் பக்கம் இருந்தது. இரண்டு பேரும் நெருப்பைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொல் வந்தால்தான் நகருவார்கள். அவர்களை அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். வாசலில் வாளி நிறையத் தண்ணீரோடு தொங்கியது. முருகம்மாள் பார்வை மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது.

“பெத்தணன் வந்துட்டாரு” என்று கத்தினேன்.

கருப்பம்மாள் மூடியை எடுத்துக் கவிழ்த்தாள். ஓரத்தில் கொஞ்சம் புகை கசிந்து நின்றது. மேஸ்திரி எட்டிப் பார்த்தார், என்னைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டார். பெண்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன்.

“எல்லாரும் வந்துட்டான்னுல்ல சொல்லுவாக. நீங்க என்னக்கா, அதுக்குப் போயி மரியாதை குடுக்கீக?” என்றாள் முருகம்மாள்.

இதற்கு முன்னால் அந்தப் பெயரை நான் சொன்னதே இல்லை என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. தட்டு ஆறும் முன்னால் அடுத்த கட்டையை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன்.